16 பேர், 17 சாப்பாடு

அங்கன்வாடிக்குள் நுழைந்ததும் அதிகாரிகள் முதலில் கேட்பது வருகைப் பதிவேட்டைத்தான். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் கேட்டேன். கேட்டுவிட்டு நாம் நாற்காலியில் உட்காருவோம். டீச்சர் உள்ளே போய் அதை எடுத்துவர இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தில் பேனா தன் வேலையை முடித்துவிடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மேற்பார்வையாளர் ஆவதற்கு முன் 13 வருஷம் நானும் அங்கன்வாடி பணியாளராக இருந்தவள். அந்த இரண்டு நிமிஷத்தை நானும் பயன்படுத்தியிருக்கிறேன்.

பதவி உயர்வு வந்தபின் 17 வருஷம் மையம் மையமாகச் சுற்றிவிட்டு, இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். என் பொறுப்பில் 25 மையங்கள் இருந்தன. பக்கத்துப் பகுதிக்கு ஆள் போடாத மாதங்களில் அது நாற்பதைத் தொடும். தமிழ்நாட்டில் மொத்தம் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கிய திட்டம் இது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்று பெயர்ப் பலகையில் இருக்கும், ஊரில் எல்லோருக்கும் பால்வாடி.

புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், "மேடம், கள்ளக் கணக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்பார்கள். ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். கள்ளக் கணக்கு மாதிரி தெரிந்தும் கள்ளமில்லாத கணக்கை அடையாளம் காணத்தான் எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. அதற்குள் ஒரு பெண்ணுக்கு அநியாயமாக மெமோ கொடுத்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பானை.

இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அரிசி 80 கிராம். 25 பிள்ளை என்றால் இரண்டு கிலோ. இந்த ஒரு பெருக்கலை மனதில் வைத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய்விட வேண்டும். பதிவேடு பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிவிடாது. ஒரு மையத்தில் தினமும் 25 பேர் வந்ததாக எழுதியிருப்பார்கள். அடைமழை பெய்த நாளிலும் 25, அம்மன் கோவில் கொடைக்கு மறுநாளும் 25. நான் போன அன்று உட்கார்ந்திருந்தது 12 பேர். "இன்னைக்கு ஒரு கல்யாண வீடு மேடம், எல்லாரும் அங்க போயிட்டாங்க" என்றார் டீச்சர். சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஆயா சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஊரில் கல்யாணமா என்று நான் கேட்கவில்லை. "ஆயாம்மா, இந்தப் பானையில ஒரு தடவைக்கு எவ்வளவு அரிசி போடுவீங்க?" என்று மட்டும் கேட்டேன். "ஒண்ணேகால் கிலோ போட்டாலே வழிஞ்சிரும் மேடம், அதான் ஒரு கிலோவோட நிறுத்திக்கிறது" என்றார். வேறு பானை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தப் பானையில் 25 பேருக்குச் சோறு வேகாது.

அப்புறம் இருப்பைப் பார்த்தேன். டிரம்மில் இருந்த அரிசியை எடை போட்டால், இருப்புப் பதிவேட்டில் எழுதியிருந்தபடியே கிராம் பிசகாமல் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். கணக்கு சரியாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். அடுப்பு எரிகிற இடத்தில் கணக்கு அரைக் கிலோ முன்னே பின்னே இருந்தே தீரும். எலி தின்னும், படி சரியும், ஒரு நாள் கைப்பிடி கூடப் போடுவார்கள். கிராம் பிசகாத மையம் என்றால் அங்கே மாதக் கடைசியில் யாரோ உட்கார்ந்து கணக்கை நேர் செய்கிறார்கள் என்று அர்த்தம். மிச்ச அரிசி ஏற்கெனவே வெளியே போயிருக்கும்.

முட்டைக்கு இந்தச் சிரமம்கூட இல்லை. அரசு முட்டையில் முத்திரை குத்தியிருக்கும். வெளியே விற்றால் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் முட்டை போண்டா சுடச்சுட போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டீ சொல்லிவிட்டுக் குப்பைத் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தேன். ஓட்டின் மேல் மை தெரிந்தது. போண்டா வாங்கிச் சாப்பிட்டேனா என்று கேட்பார்கள், சாப்பிடவில்லை.

இவ்வளவும் கையில் இருந்தும் அந்த வழக்கில் நான் தோற்றேன். காரணம் என் வாய். மையத்துக்குத் திரும்பி வந்து, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன். கால் மணி நேரத்தில் டீச்சரின் அண்ணன் பத்துப் பேரோடு வந்தார். "எங்க ஊரு டீச்சரைத் திருடின்னு எப்படிச் சொல்லலாம்?" என்று ஒரே கூச்சல். காலையில் பானை அளவு சொன்ன ஆயா, நான் எதையும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் அந்த ஊரிலேயே வாழ வேண்டியவர், நான் மாலை பஸ்ஸில் போகிறவள். அலுவலகத்துக்கு வந்து எழுதிய அறிக்கையில் என் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். முதலில் தலை எண்ணிக்கை, பெயர் பெயராக, பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே எழுதிக்கொள்வேன். அடுத்து அடுப்படி, அடுத்து எடை. இதெல்லாம் முடிந்தபின்தான் பதிவேட்டைக் கேட்பேன். வித்தியாசம் இருந்தால் குரலை உயர்த்தாமல் அங்கேயே ஆய்வுக் குறிப்பு எழுதி, டீச்சரையே விளக்கம் எழுதச் சொல்வேன். நான் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். நாம் சொல்லச் சொல்ல எழுதிய விளக்கம் நாளைக்கு நிற்காது, "மேடம் மிரட்டி எழுதி வாங்கினாங்க" என்று போய்விடும். அவர்கள் சொந்த வார்த்தையில் எழுதும்போது பாதி உண்மை தானாக வந்துவிடும். பிறகு அன்று வந்திருக்கும் தாய்மார்களில் இரண்டு பேரிடம், இன்றைக்கு இத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்பதற்கு மட்டும் கையெழுத்து வாங்குவேன். குற்றம் என்ற சொல்லே அந்தத் தாளில் வராது. எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போட யாரும் பயப்பட மாட்டார்கள்.

எந்த நேரத்தில் போவது என்பதும் ஒரு வித்தை. என் பகுதியில் டீச்சர்கள் எல்லோருக்கும் ஒரு வாட்ஸ்ஆப் குழு இருந்தது, என்னைச் சேர்க்காத குழு. நான் காலை பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் டிக்கெட் கிழிப்பதற்குள் "கிளம்பியாச்சு" என்று செய்தி போய்விடும். வழியில் இருக்கும் முதல் மையத்தைப் பார்த்துவிட்டுப் போனால் மிச்ச மையங்களில் எல்லாம் பிள்ளைகள் தலை சீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கடைசி நிறுத்தம்வரை போய் அங்கிருந்து திரும்பி வர ஆரம்பித்தேன். நேற்றுப் பார்த்த மையத்துக்கே இன்றும் போவேன். நேற்று வந்தாச்சு, இனி ஒரு மாசத்துக்கு வரமாட்டார் என்று இருக்கிற நாள்தான் அந்த மையத்தின் உண்மையான நாள். பகல் பதினொன்றே முக்காலுக்குப் போவது நல்லது. பத்து மணிக்குப் போனால் பிள்ளைகள் இன்னும் வரவில்லை என்பார்கள், ஒன்றரைக்குப் போனால் தூங்கப் போய்விட்டார்கள் என்பார்கள். இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அதுதான் சிக்கல்.

இனி மெமோ கொடுத்த கதை.

அந்த மையம் ஊரின் கடைசித் தெருவில், ஓட்டுக் கட்டடம். டீச்சர் சுத்தமான மனுஷி. சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த படங்கள். தட்டுகள் வெயிலில் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருக்கும். பதிவேட்டில் 17 பேர், உட்கார்ந்திருந்தது 16. அடுத்த வாரமும் அப்படியே. அந்தப் பதினேழாவது பெயரைத் தேடிப் போனால், அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு பிள்ளையின் பெயரை வைத்துத் தினமும் 80 கிராம் அரிசி எடுக்கிறார் என்று எழுதி மெமோ வாங்கிக் கொடுத்தேன். அவர் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு விளக்கத்தில் "இனி நடக்காது" என்று ஒரே வரி எழுதினார்.

மூன்று மாதம் கழித்து வேறொரு மையத்தில் அரிசி இறங்கும்போது நான் அங்கே இருந்தேன். மூட்டையைத் தூக்கிய ஆயா சும்மா இருக்காமல், "ஐம்பது கிலோன்னு சொல்றாங்க, தூக்கினா தெரியாதா எனக்கு?" என்றார். பக்கத்து மளிகைக் கடையில் தூக்கிக்கொண்டுபோய் எடை போட்டால் 47 கிலோ. டீச்சர் 50 என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "47-னு எழுதினா மூட்டையை இறக்காமலே வண்டியத் திருப்பிடுவாங்க மேடம். நாளைக்குப் பிள்ளைங்களுக்கு என்னத்தைப் போடுறது?" என்றார்.

அன்று ராத்திரி ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 16 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ 280 கிராம். 47 கிலோ மூட்டை கிட்டத்தட்ட 37 நாளில் தீர்ந்துவிடும். ஆனால் பதிவேட்டில் 50 கிலோ வரவு இருக்கிறது. 37 நாள் முடிவில் டிரம் காலி, காகிதத்தில் மட்டும் 3 கிலோ மிச்சம். அந்த 3 கிலோ எங்கே என்று என்னை மாதிரி ஒருத்தி வந்து கேட்பாள். தினமும் 16-க்குப் பதில் 17 என்று எழுதினால் ஒரு நாளைக்கு 1 கிலோ 360. 37 நாளைக்குக் கிட்டத்தட்ட 50 கிலோ.

ஒரே ஒரு பெயர். அந்த டீச்சர் தன் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுபோகவில்லை. வழியில் யாரோ எடுத்த 3 கிலோவுக்கு, ஊரைவிட்டுப் போன ஒரு பிள்ளையின் பெயரை வைத்துக் கணக்கு நேர் செய்திருக்கிறார். நான் அவருக்கு மெமோ கொடுத்தேன். எடுத்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த நாளே சொந்தக் காசில் ஒரு டிஜிட்டல் கொக்கித் தராசு வாங்கினேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும், மூட்டையை மாட்டித் தூக்கினால் எண் காட்டும். மாதக் கூட்டத்தில் எல்லா டீச்சர்களிடமும் சொன்னேன்: இறக்கிய எடையை அப்படியே செலானில் எழுதுங்கள். வண்டியைத் திருப்பினால் எனக்குப் போன் பண்ணுங்கள், நான் பொறுப்பு. முதல் மாதம் 25 பேரில் நான்கு பேர்தான் எழுதினார்கள். இரண்டு வண்டிகள் திரும்பிப் போயின. இரண்டு இடத்திலும் பக்கத்து மையத்திலிருந்து அரிசி மாற்றிக் கொடுத்துச் சமாளித்தோம். மூன்றாவது மாதம் மூட்டைகள் 49-க்கு மேல் வர ஆரம்பித்தன. வருகைப் பதிவேடுகளிலும் எண்ணிக்கை தானாக இறங்கியது. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம், நீங்க பெயரைத்தானே கேட்டீங்க" என்றார்.

மேலே நடப்பதைக் கீழே இருப்பவர்தான் சுமக்கிறார் என்பது எங்கள் துறையில் புதுச் செய்தி இல்லை. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரிலேயே அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்ததாரர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிறகும் 2022-இல் மத்தியப் பிரதேசத்தில் நடந்த தணிக்கை ஒன்று பத்திரிகைகளில் வந்தது. வீட்டுக்குக் கொடுக்கும் ஊட்டச்சத்து உணவை லாரியில் ஏற்றியதாகக் காட்டியிருந்த வண்டி எண்களைத் தேடிப் பார்த்தால், சில மோட்டார் சைக்கிளாகவும் ஆட்டோவாகவும் இருந்தன. ஒரு பைக்கில் டன் கணக்கில் மாவு! கிராமத்தில் எந்த டீச்சருடைய பேனாவும் அந்த அளவுக்குப் போகாது.

அடுத்தது, பட்டியலில் இருந்தும் மையத்துக்கு வராத பிள்ளைகள். இதில் பெரும்பங்கு தனியார் பள்ளி எல்.கே.ஜி.யால் வருவது. மூன்றரை வயதில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும், பெயர் மட்டும் இங்கே இருக்கும். டீச்சர் ஏன் அந்தப் பெயரை அடித்து நீக்குவதில்லை? சமவெளியில் ஒரு முழு மையத்துக்கு 400 முதல் 800 வரை மக்கள்தொகை என்பது விதி. அதற்குக் குறைந்தால் குறு மையம். பிள்ளைகள் குறைந்துகொண்டே போனால் பக்கத்து மையத்தோடு சேர்த்துவிடுவார்களோ, தன்னை எங்காவது மாற்றிவிடுவார்களோ என்ற பயம் டீச்சருக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தில் சேர்க்கும் பெயர்கள் இவை. கண்டுபிடிக்க வழி சுலபம். சனிக்கிழமை தெருவில் நடந்தால் போதும், கொடியில் எந்த யூனிஃபார்ம் காய்கிறது என்று பார்க்கலாம். கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். நான் செய்தது: அந்தப் பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, தடுப்பூசிக்கும் எடை பார்ப்பதற்கும் உள்ள பட்டியலில் அப்படியே வைக்கச் சொன்னேன். எல்.கே.ஜி. போகிற பிள்ளைக்கும் இரத்தசோகை வரும். அதைப் பட்டியலைவிட்டே தூக்கிவிட்டால் அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரே பெண்ணின் பெயர் இரண்டு மையத்தில் இருப்பதும் அப்படித்தான். கம்ப்யூட்டர் அதைச் சிவப்பில் காட்டும், இரட்டைப் பதிவு என்று. நம் ஊரில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். புருஷன் வீட்டு மையத்தில் பெயர் இருக்கும். அம்மா வீட்டு டீச்சர், கர்ப்பிணி வந்திருக்கிறாள், சத்துமாவு கொடுக்காமல் இருக்க முடியுமா என்று அங்கேயும் எழுதுவார். குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம் திரும்பிப் போவாள். இந்த எட்டு மாதமும் இரண்டு இடத்திலும் பெயர். இரண்டு டீச்சரும் போனில் பேசிக்கொண்டால் தீர்ந்துவிடும் விஷயம், எங்கள் பகுதியில் அப்படித்தான் தீர்த்தோம். மெமோ அடித்துக் கொடுத்திருந்தால் அடுத்த முறை அம்மா வீட்டுக்கு வரும் கர்ப்பிணியை எந்த டீச்சரும் உள்ளே விட மாட்டார்.

மொட்டைக் கடிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதிக் கடிதங்கள் அந்த வேலை கிடைக்காதவர்கள் வீட்டிலிருந்து வரும். ஆனால் ஒரு வகைக் கடிதத்தைப் படித்ததும் தெரிந்துவிடும்: "சமையல் சுத்தமாக இல்லை" என்று இருக்கும், அரிசியைப் பற்றியோ முட்டையைப் பற்றியோ ஒரு வரி இருக்காது. போய்ப் பார்த்தால் ஆயா பட்டியல் சாதிப் பெண்ணாக இருப்பார். அங்கே நான் செய்தது ஒன்றே ஒன்று, புகார் கொடுத்தவர்கள் இருக்கும் தெருவில் எல்லோருக்கும் தெரியும்படி மையத்தில் உட்கார்ந்து அந்த ஆயா கையால் சாப்பிட்டுவிட்டு, கடிதத்தைக் கோப்பில் "உண்மையில்லை" என்று முடித்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொய் அரிசியிலும் இல்லை, முட்டையிலும் இல்லை. எடையில் இருக்கிறது. அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

மாதா மாதம் பிள்ளைகளை எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 800 கலோரி அளவுக்குக் கூடுதல் உணவு உண்டு, மற்றப் பிள்ளைக்கு 500. ஆகவே சிவப்புப் பிள்ளையைக் கூட்டிக் காட்டித்தான் திருடுவார்கள் என்று நினைப்பீர்கள். நான் பார்த்தது நேர் எதிர். மாவட்ட ரிவ்யூ மீட்டிங்கில் எந்தப் பகுதியில் சிவப்பு அதிகமோ அந்த மேற்பார்வையாளரை எழுப்பி நிற்க வைப்பார்கள். "உங்க ஏரியாவுல மட்டும் ஏன்?" என்று கேட்பார்கள். ஒரு முறை நானும் 40 பேர் முன்னால் நின்றேன். அடுத்த மாதக் கூட்டத்தில் என் டீச்சர்களிடம், "கொஞ்சம் பார்த்துப் போடுங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என்ன பார்த்து, எதைப் போட வேண்டும் என்று விளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அடுத்த மாதம் சிவப்பு பாதியானது. எனக்குப் பாராட்டு கிடைத்தது.

அந்தப் பதிவேடுகளைப் பிறகு பொறுமையாகப் பார்த்தேன். எல்லா எடையும் முழுக் கிலோ அல்லது அரைக் கிலோவில் முடிந்தது. 10, 10.5, 11. ஒரு பிள்ளைக்கும் ஒரு மாதம்கூட எடை குறையவில்லை, ஊரே காய்ச்சலில் படுத்த கார்த்திகையிலும். ஒரு மையத்தில் தொங்கு தராசை எடுத்துப் பார்த்தால், எதுவும் மாட்டாதபோதே முள் அரைக் கிலோவில் நின்றது. எத்தனை மாதமாக என்று யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டைத் தராசில் எடை பார்த்து எழுதினார்களா, மனதில் பார்த்து எழுதினார்களா என்று தெரிந்துகொள்ள இந்தக் கடைசி இலக்கம் ஒன்று போதும். நிஜ எடை 10.3 என்று வரும், 9.8 என்று வரும், போன மாதத்தைவிட இறங்கும்.

2022 மே மாதம் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தை முதலமைச்சர் ஊட்டியில் தொடங்கி வைத்தார். அதன் பிறகு பிள்ளைகளை மருத்துவக் குழு தனியாகப் பரிசோதித்தது. என் பகுதியில் ஒரு பெண் குழந்தை, இரண்டே கால் வயது. எங்கள் அட்டையில் பச்சை. டாக்டர் அதன் மேல்கையில் வண்ணம் போட்ட அளவு நாடாவைச் சுற்றினார். 11 சென்டிமீட்டரைத் தொட்டுச் சிவப்பில் நின்றது, பதினொன்றரைக்குக் கீழே போனால் கடும் குறைவு. குழந்தை அழக்கூட இல்லை, நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்ன சொல்வது? அந்தக் குழந்தைக்கு எத்தனை மாதக் கூடுதல் உணவு கிடைக்காமல் போனது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதன் பிறகு என் பகுதியில் ஒரு விதி வைத்தேன். சிவப்பைக் காட்டுகிற டீச்சரைக் கூட்டத்தில் முதலில் பாராட்டுவது, சிவப்பே இல்லாத மையத்துக்கு முதலில் விசிட் போவது. மேலே நான் திட்டு வாங்கினேன், வாங்கத்தான் வேண்டும். என் டீச்சர்கள்வரை அது இறங்காமல் பார்த்துக்கொண்டேன். சிவப்பு ஏறியது, முதல் ஆறு மாதம் ஏறிக்கொண்டே இருந்தது.

இப்போது எல்லாம் போனில். 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் என்ற மத்திய அரசின் செயலி வந்தது. 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகப் பதிவு கட்டாயம். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இரட்டைப் பெயர்கள் நிறைய வெளியே வந்தன, பழைய காலத்துப் பேனா வேலை குறைந்தது. ஆனால் நான் ஓய்வு பெறுவதற்கு முன் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டி பேரனுக்கு மாவு வாங்க வந்தார். மருமகள் மில் வேலைக்குப் போயிருக்கிறாள், காலை ஆறு மணிக்கு வேன், ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. பதிவில் இருப்பது மருமகள் முகம். பாட்டி முகத்துக்கு நேரே போனைப் பிடித்தால் சுற்றிச் சுற்றி வட்டம் ஓடியது, பிறகு பொருந்தவில்லை என்றது. மேஜையில் மாவுப் பாக்கெட். "அப்ப ஞாயிற்றுக்கிழமை வரலாமா?" என்று கேட்டார் பாட்டி. ஞாயிற்றுக்கிழமை மையம் இல்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். பாக்கெட்டைக் கொடுக்கச் சொல்லி, ஆய்வுக் குறிப்பேட்டில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: இன்னார் வந்தார், இன்ன காரணத்தால் முகப் பதிவு ஆகவில்லை, என் பொறுப்பில் கொடுக்கப்பட்டது. இப்படி எழுதி வைப்பது முக்கியம். எழுதாமல் கொடுத்தால் கருணை மாதிரி இருக்கும், ஆறு மாதம் கழித்துத் தணிக்கையில் அதுவே திருட்டாக மாறிவிடும், டீச்சர் மாட்டிக்கொள்வார். போனில் பொருந்தாதவற்றுக்கு ஒவ்வொரு மையத்திலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைக்கச் சொன்னேன். யார், ஏன், யார் சாட்சி, மூன்றே கட்டம். மாதக் கடைசியில் அதைப் பார்த்தால் எந்தத் தெருவில் மில் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம், எந்தக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது என்றுகூடத் தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்ற அன்று என் இடத்துக்கு வந்த பெண்ணிடம் சாவிகள், கோப்புகள், அந்த நோட்டுகள் எல்லாம் ஒப்படைத்தேன். கெட்டிக்காரப் பெண், கம்ப்யூட்டர் தெரியும். கடைசியாகப் பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எந்த ஸ்டாக் ரெஜிஸ்டர்ல வரவு வைக்கிறது மேடம்?" என்று கேட்டாள். எதிலும் வைக்க வேண்டாம், பேட்டரி மட்டும் மாற்றிக்கொள், அடுத்த மூட்டை வியாழக்கிழமை இறங்கும் என்றேன்.